வரப்போகும் மலிவுக் காருக்காகக் காத்திருக்கலாமா?

வானொலியில் கார் பற்றிப் பேசும் நாள்களில் ஒரே கேள்வி பல குரல்களில் வரும். "அக்கா, மலிவு விலையில டெஸ்லா வரப்போகுதாமே? இப்ப இருக்கிற மைவியை இன்னும் ரெண்டு வருஷம் இழுத்துப் பிடிச்சு ஓட்டலாமா?" கிள்ளானிலிருந்து ஒருவர் கேட்பார். சிரம்பானிலிருந்து இன்னொருவர், "அடுத்த வருஷம் விலை இன்னும் இறங்குமாமே" என்பார். நிலையத்தின் வாட்ஸ்அப் எண்ணில் ஒரு படமும் வந்து விழும். துணி போர்த்திய ஒரு கார், கீழே ஒரு விலை. யார் எடுத்த படம், யார் சொன்ன விலை என்று மட்டும் இருக்காது.

கேள்வியில் தவறே இல்லை. வீட்டுக்கு அடுத்தபடி நம் குடும்பங்கள் வாங்கும் மிகப் பெரிய பொருள் கார்தான். 9 ஆண்டுக் கடன் என்பது, முதல் பிள்ளை பிறந்ததிலிருந்து மூன்றாம் வகுப்புக்குப் போகும் வரை மாதாமாதம் கட்டும் பணம். அதை ஒரு வதந்தியை நம்பித் தள்ளிப்போடலாமா, இல்லை அவசரப்பட்டு இன்றே கையெழுத்துப் போடலாமா? இதற்குப் பதில் தேட, உலகிலேயே அதிகமாக வதந்தி கிளப்பிய ஒரு காரின் கதையை முதலில் பார்த்துவிடுவோம். பிறகு நம் வாசலுக்கு வருவோம்.

*25,000 டாலர் கனவு*

2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில் டெஸ்லாவின் ஈலோன் மஸ்க் தம் 'இரகசியத் திட்டத்தை' ஊரறிய எழுதி வெளியிட்டார். முதலில் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார், அதில் வரும் பணத்தில் அதைவிட மலிவான கார், அந்தப் பணத்தில் இன்னும் மலிவான கார். படிப்படியாக இறங்கி வருவதுதான் திட்டம்.

2016 மார்ச் 31 அன்று மாடல் 3 மேடைக்கு வந்தது. விலை 35,000 டாலர் என்றார்கள். ஆயிரம் டாலர் முன்பணம் கட்டி, ஒரே வாரத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். காரை யாரும் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. பெரும்பாலோர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அந்த 35,000 டாலர் கார் உண்மையில் விற்பனைக்கு வந்தது 2019 பிப்ரவரி கடைசியில். வந்த சில வாரங்களிலேயே இணையப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, கேட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கும் பொருளாகிவிட்டது.

அடுத்த வாக்குறுதி 2020 செப்டம்பர் 22 அன்று, 'பேட்டரி நாள்' என்ற நிகழ்ச்சியில் வந்தது. இன்னும் சுமார் மூன்று ஆண்டுகளில் 25,000 டாலரில் ஒரு மின்சாரக் கார் என்றார் மஸ்க். பெயர் வைக்காத அந்தப் பிள்ளைக்கு ஊரே 'மாடல் 2' என்று பெயர் வைத்தது. 2022 ஜனவரியில், இப்போதைக்கு அந்த வேலையில் இறங்கவில்லை என்றார். 2023 மார்ச் முதல் தேதி புதிய தயாரிப்பு முறையையும், மெக்சிகோவின் நுவேவோ லியோன் மாநிலத்தில் ஒரு புதிய தொழிற்சாலையையும் அறிவித்தார்கள். நம்பிக்கை மறுபடி துளிர்த்தது.

2024 ஏப்ரலில் அந்த மலிவுக் காரைக் கைவிட்டுவிட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ராய்ட்டர்ஸ் பொய் சொல்கிறது என்றார் மஸ்க். அதே மாத இறுதியில் நிறுவனமே புதிய ஏற்பாட்டைச் சொன்னது: மலிவான கார்கள் வரும், ஆனால் புதிய தொழிற்சாலையில் புதிய முறையில் செய்யப்போவதில்லை, இப்போதுள்ள தயாரிப்பு வரிசைகளிலேயே உருவாகும். ஜூலையில் மெக்சிகோ தொழிற்சாலைத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அக்டோபரில் ஸ்டீயரிங்கும் பெடலும் இல்லாத இரண்டு இருக்கை சைபர்கேப் மேடையேறியது. அதே மாதம், மனிதர் ஓட்டும் சாதாரண 25,000 டாலர் கார் செய்வதில் அர்த்தமே இல்லை என்று மஸ்க் முதலீட்டாளர்களிடம் சொல்லிவிட்டார்.

கடைசியில் 2025 அக்டோபர் 7 அன்று வந்தது என்ன? மாடல் Y ஸ்டாண்டர்ட் 39,990 டாலர், மாடல் 3 ஸ்டாண்டர்ட் 36,990 டாலர். புதிய கார் எதுவும் இல்லை. பழைய கார்களில் சிலவற்றைக் கழற்றிவிட்டு விலையைக் குறைத்திருந்தார்கள். இருக்கைக்குத் துணி உறை, பின் இருக்கைக்காரர்களுக்குத் திரை கிடையாது, ஒலிபெருக்கிகள் குறைவு. என் தொழிலுக்கே ஆகாத ஒன்றையும் செய்தார்கள்: எப்எம் வானொலியையும் எடுத்துவிட்டார்கள்! காரில் ரேடியோ இல்லாவிட்டால் காலை ஏழரை மணிக்கு நெரிசலில் நிற்பவருக்கு நான் எப்படித் துணையிருப்பது?

சிரிப்பு இருக்கட்டும், விலையைக் கவனியுங்கள். மாடல் Y-இல் அதுவரை மிகக் குறைந்த விலை 44,990 டாலர். அமெரிக்க அரசு கொடுத்த 7,500 டாலர் வரிச் சலுகை செப்டம்பர் 30 அன்று முடிந்தது. ஆக, அதற்கு ஒரு வாரம் முன்பு வாங்கியவருக்கு, எல்லா வசதியும் உள்ள கார் 37,490 டாலருக்குக் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து 'மலிவு' காருக்குக் காத்திருந்தவர், குறைந்த வசதிக்கு 2,500 டாலர் கூடுதலாகக் கொடுத்தார். 2020-இலிருந்து ஐந்து ஆண்டுகள் பொறுமையாக இருந்ததற்கு இதுதான் பரிசு.

*மலிவு எங்கே பிறக்கிறது?*

இதில் மஸ்கை மட்டும் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. ஆனால் ஒரு கார் மலிவாவது மேடைப் பேச்சால் நடப்பதில்லை, தொழிற்சாலைத் தரையில்தான் நடக்கிறது. அது புரிந்துவிட்டால் எந்த வதந்தியையும் எடைபோடலாம்.

வழக்கமான கார் தொழிற்சாலையில் முதலில் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்து ஒரு பெட்டிபோல உடலைச் செய்வார்கள். கதவுகளை மாட்டி, மொத்தமாக வண்ணம் அடிப்பார்கள். பிறகு அதே கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தத் திறப்பு வழியாகக் கையை விட்டு இருக்கை, டேஷ்போர்டு, கம்பிகள் எல்லாவற்றையும் உள்ளே பொருத்துவார்கள். கடைசியில் மறுபடி கதவு. நூறு ஆண்டுகளாக ஏறக்குறைய இதுதான் வழி. ஒரே சமயத்தில் ஒரு காருக்குள் இரண்டு மூன்று பேருக்கு மேல் நின்று வேலை செய்ய முடியாது.

2023-இல் டெஸ்லா விவரித்த முறையில் அந்தப் பெட்டியே கிடையாது. முன்பாகம், பின்பாகம், இரு பக்கங்கள், பேட்டரித் தளம் என்று தனித்தனியாகச் செய்வார்கள். தேவையான பாகத்துக்கு மட்டும் வண்ணம். பேட்டரித் தளத்தின் மேல் இருக்கைகளை முன்கூட்டியே பொருத்திவிடுவார்கள். எல்லாம் தயாரானதும் கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது ஒருவர் மாவு பிசைய, ஒருவர் பிழிய, ஒருவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்க, எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதுபோல. தயாரிப்புச் செலவு பாதியாகும், தொழிற்சாலை இடம் 40 விழுக்காடு குறையும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் புதிய தொழிற்சாலை வேண்டும், பல பில்லியன் டாலர் முதலீடு வேண்டும், செய்து முடிப்பதை வாங்க ஆள் வேண்டும். 2023-இல் சுமார் 1.81 மில்லியன் கார்களை விற்ற டெஸ்லா, 2024-இல் சுமார் 1.79 மில்லியன்தான் விற்றது. விற்பனை தேங்கி, இருக்கும் தொழிற்சாலைகளே முழு வேகத்தில் ஓடாதபோது எந்த முதலாளியும் முதலில் அந்த வரிசைகளை நிரப்பத்தான் பார்ப்பார். இருக்கும் வரிசைகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 மில்லியன் கார்கள் வரை செய்யலாம், அதை நிரப்பிய பிறகே புதிய வரிசை என்று 2024 ஏப்ரலில் டெஸ்லாவே சொன்னது. செலவு முன்பு நினைத்த அளவுக்குக் குறையாது என்பதையும் அதே அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அன்றைக்கே கதை முடிந்துவிட்டது என்று சொல்லலாம். பழைய வரிசையில் செய்தால் பழைய காரின் அகல நீளம்தான் வரும், பேட்டரியும் ஏறக்குறைய அதேதான். குறைக்க முடிந்தது துணியையும் திரையையும் ரேடியோவையும்தான். அந்த அறிக்கையைக் கவனித்துப் படித்தவருக்கு, 2025 அக்டோபரில் வரப்போவது என்ன என்பது ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

*ஷென்சென் சொன்ன பதில்*

அதே கேள்விக்குச் சீனாவில் வேறு பதில் கிடைத்தது. 1995-இல் ஷென்செனில் பேட்டரி தயாரிப்பாளராகத் தொடங்கிய பிஒய்டி, 2003-இல்தான் கார் தொழிலுக்கே வந்தது. மின்சாரக் காரில் மிக விலை உயர்ந்த ஒற்றைப் பாகம் பேட்டரி. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் கார் செய்ய வந்தார்கள். மோட்டாரும் சில்லுகளும்கூட அவர்கள் கைவசம். வெளியே ஒவ்வொருவருக்கும் லாபம் கொடுத்து வாங்கவேண்டிய பலவற்றை வீட்டிலேயே சமைத்தார்கள். 2023 ஏப்ரலில் சீகல் என்ற சிறிய காரை 73,800 யுவான் தொடக்க விலையில் சீனாவில் இறக்கினார்கள். டெஸ்லா மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்த தொகையில் பாதிகூட இல்லை.

இன்னொரு காரணம் பேட்டரியின் வகை. எல்எப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் நிக்கலும் கோபால்ட்டும் கிடையாது. அதே எடைக்கு ஓடும் தூரம் கொஞ்சம் குறைவு. ஆனால் விலை குறைவு, சூட்டை நன்றாகத் தாங்கும், ஆயுளும் கூடுதல். தினமும் 40, 50 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வரும் குடும்பக் காருக்கு அது போதும். இன்று உலகின் மலிவு மின்சாரக் கார்களில் பெரும்பாலானவை இந்தப் பேட்டரியில்தான் ஓடுகின்றன.

*நம் வாசலில்*

இனி மலேசியாவுக்கு வருவோம். 2023 ஜூலையில் டெஸ்லா இங்கே அதிகாரபூர்வமாக வந்தபோது மாடல் Y-இன் தொடக்க விலை 199,000 வெள்ளி. 'மலிவு' என்று அப்போது ஊரே பேசியது உண்மைதான். வேறு சில நாடுகளின் விலையோடு ஒப்பிட்டால் மலிவுதான். மாதம் ஐயாயிரம் வெள்ளி சம்பளம் வாங்கும் இளைஞருக்கு அது மலிவா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

வெளியிலிருந்து மலிவுக் கார் வராததற்கு இன்னொரு காரணம் நம் சட்டத்திலேயே இருந்தது. முழுமையாகக் கட்டி இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு 2025 கடைசி வரை வரிவிலக்கு இருந்தது, ஆனால் வெளிநாட்டு நிறுவனங்கள் அவற்றை 100,000 வெள்ளிக்குக் கீழே விற்கக் கூடாது என்பது அப்போதைய விதி. தேசியக் கார்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கத்தான் இந்த வேலி. அந்த இறக்குமதி வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-இல் முடிந்தது. உள்நாட்டிலேயே பாகங்களைச் சேர்த்துக் கட்டும் கார்களுக்கான விலக்கு 2027 கடைசி வரை இருக்கிறது. ஆக, சலுகை எங்கே இருக்கிறதோ அங்கேதான் மலிவுக் கார் பிறக்கும். அந்த இடம் உள்நாட்டுத் தொழிற்சாலை.

அதனால்தான் தஞ்சோங் மாலிமையும் ரவாங்கையும் கவனிக்கச் சொல்கிறேன். புரோட்டோன் 2025 செப்டம்பரில் தஞ்சோங் மாலிமில் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 20,000 கார்கள், பின்னர் 45,000 வரை கூட்டலாம். அக்டோபர் 30 அன்று இ.மாஸ் 5 வந்தது. விலை 59,800 வெள்ளியிலிருந்து 72,800 வெள்ளி வரை. 2017-இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய சீனாவின் கீலி, ஏற்கெனவே சீனாவில் விற்றுக்கொண்டிருந்த காரின் உடன்பிறப்பு இது. உருவாக்கும் செலவைக் கீலி லட்சக்கணக்கான கார்களில் பிரித்துவிட்டது. நமக்கு வந்தது அதன் பலன்.

பெரோடுவா வேறு பாதையில் போனது. 2025 டிசம்பர் முதல் தேதி கியூவி-இ என்ற தன் முதல் மின்சாரக் காரை 80,000 வெள்ளிக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் அந்த விலையில் பேட்டரி சேராது! பேட்டரியை மாதம் 275 வெள்ளி வாடகைக்கு எடுக்க வேண்டும். தொடக்கத்தில் மாதம் 500 கார்கள், பிறகு 3,000 வரை என்பது நிறுவனம் சொன்ன இலக்கு. 2024-இல் மொத்தமாக 358,000-க்கும் அதிகமான கார்களை விற்ற நிறுவனத்துக்கு, மாதம் 500 என்பது காலை ஆழம் பார்க்க வைப்பதுபோலத்தான். பேட்டரி வாடகையைப் பலர் முகம் சுளித்துப் பார்க்கிறார்கள். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது: பழைய மின்சாரக் காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் பயப்படுவது பேட்டரியைப் பார்த்துத்தான். அந்தப் பயத்தை நிறுவனம் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது, அதற்குக் கூலியும் கேட்கிறது.

*ஒரு தாள், ஒரு பேனா*

வாருங்கள், கணக்குப் போடுவோம். நீங்கள் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வந்து, வார இறுதியில் மாமியார் வீட்டுக்கும் ஒரு நடை போனால் ஏறக்குறைய அவ்வளவுதான்.

100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் சிறிய பெட்ரோல் காருக்கு மாதம் 90 லிட்டர். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய புடி95 திட்டத்தின் 1.99 வெள்ளி விலையில் அது 179 வெள்ளி. மானியம் இல்லாத அன்றைய 2.60 வெள்ளி விலையில் 234 வெள்ளி.

100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் எடுக்கும் மின்சாரக் காருக்கு மாதம் 210 யூனிட். வீட்டில் யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்தால் 105 வெள்ளி. மாதம் 74 வெள்ளி மிச்சம். எண்ணெய் மாற்றுவது போன்ற பராமரிப்பும் குறைவு. நல்லதுதான். ஆனால் வீட்டில் மின்னூட்ட வழியில்லாமல் வெளியே வேக மின்னூட்டியை மட்டும் நம்பியிருப்பவர், யூனிட்டுக்கு 1.30 வெள்ளி கொடுப்பதாக வைத்தால் 273 வெள்ளி. பெட்ரோலைவிட 94 வெள்ளி அதிகம்!

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் நம் ஊரின் உண்மையான பிரச்சினை இருக்கிறது. தாமானில் வாசலோடு தரைவீடு இருப்பவர் இரவில் செருகிவிட்டுத் தூங்கலாம். அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் குடியிருந்து, கீழே கிடைத்த இடத்தில் காரை நிறுத்துபவர் எங்கே செருகுவார்? கொண்டோவில் சொந்த நிறுத்துமிடம் இருந்தாலும் நிர்வாகக் குழுவின் அனுமதி, கம்பி இழுக்கும் செலவு, தனி மீட்டர் என்று ஒரு படலமே இருக்கிறது. மலிவுக் கார் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்கள் வீட்டில்தான் மின்னூட்ட வழி மிகக் குறைவு. எந்த நிறுவனத்தின் அறிமுக விழாவிலும் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பேட்டரி வாடகையையும் பாருங்கள். மாதம் 275 வெள்ளி, ஆண்டுக்கு 3,300 வெள்ளி. 9 ஆண்டுக் கடன் முடியும் வரை கட்டினால் 29,700 வெள்ளி. அதை 80,000-த்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் மற்ற கார்களோடு நியாயமாக ஒப்பிட முடியும். வாடகையே நம் உதாரணக் குடும்பத்தின் மாதப் பெட்ரோல் செலவைவிட அதிகம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தூரம் இன்னொரு கணக்கு. இ.மாஸ் 5-இன் குறைந்த விலை வகை ஒருமுறை மின்னூட்டினால் 225 கிலோமீட்டர், கூடிய விலை வகை 325 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைக்கூட அளவு. நெடுஞ்சாலை வேகத்தில், குளிர்சாதனத்தோடு, நான்கு பேரும் பலகாரப் பெட்டிகளும் ஏறினால் அது குறையும். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர். தினசரி ஓட்டத்துக்குச் சிறிய பேட்டரி தாராளம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ஒரே காரும் அதுதான் என்றால், வழியில் நிற்கும் நேரத்தையும் நிறுத்தத்தில் இருக்கும் வரிசையையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். அம்மா அப்பாவிடம் இன்னொரு கார் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

*வதந்தியைச் சலிக்கும் சல்லடை*

இனிமேலும் படங்கள் வரும். துணி போர்த்திய கார்கள் வரும். "அடுத்த ஆண்டு 50,000 வெள்ளிக்கு" என்று தலைப்புகள் வரும். அப்போது நான்கு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி, எந்தத் தொழிற்சாலை? ஊர்ப் பெயரும் கட்டடமும் இல்லாத கார் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. மெக்சிகோவில் ஊர்ப் பெயர் இருந்தது, கட்டடம் எழவில்லை. தஞ்சோங் மாலிமில் இரண்டும் இருக்கின்றன.

இரண்டாவது, பழைய வரிசையா புதிய வரிசையா? பழைய வரிசையில் பழைய காரின் தம்பிதான் வரும். விலை கொஞ்சம் குறையும், பாதியாகாது.

மூன்றாவது, பேட்டரி யாருடையது, எந்த வகை, விலையில் சேர்ந்ததா? இந்த ஒரு வரியில் பத்தாயிரக்கணக்கான வெள்ளி ஒளிந்திருக்கும்.

நான்காவது, சொன்ன விலை சலுகைக்கு முன்பா பின்பா, சலுகை என்று முடிகிறது? அமெரிக்காவில் ஒரு வாரத்தில் 7,500 டாலர் மறைந்தது. நமக்கு 2027 டிசம்பர் என்று ஒரு தேதி நாள்காட்டியில் இருக்கிறது. அதன்பிறகு அரசு நீட்டிக்கலாம், நீட்டிக்காமலும் போகலாம்.

என் ஊகத்தைக் கேட்டால், டெஸ்லாவிலிருந்து நம் சம்பளத்துக்கு ஏற்ற சிறிய குடும்பக் கார் கிட்டத்தில் வராது. அந்தப் புதிய தயாரிப்பு முறையையே அவர்கள் சைபர்கேப்புக்காக ஒதுக்கிவிட்டார்கள், அது ஓட்டுநரே இல்லாத வாடகை வண்டி. நமக்கான விலைப் போட்டி இங்கே கட்டப்படும் கார்களுக்குள்தான் நடக்கும். அதனால் விலை இறங்க இன்னும் இடமுண்டு. ஆனால் இறங்கும் விலை இரு பக்கமும் வெட்டும் கத்தி. நாளை புதிய கார் மலிவானால், இன்று வாங்கிய காரின் மறுவிற்பனை மதிப்பும் சேர்ந்து இறங்கும். 2023 ஜனவரியில் டெஸ்லா அமெரிக்காவில் சில வகைகளின் விலையை 20 விழுக்காடு வரை ஒரே இரவில் குறைத்தபோது, முந்தைய வாரம் வாங்கியவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் என் பதில் இது. இருக்கும் கார் நன்றாக ஓடுகிறது, கடன் முடிந்துவிட்டது, வீட்டில் மின்னூட்ட இன்னும் வழியில்லை என்றால் தாராளமாகக் காத்திருங்கள். ஆனால் வதந்திக்காகக் காத்திருக்க வேண்டாம், உங்கள் குடியிருப்பில் அந்த வழி அமைவதற்காகக் காத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போய்க் கையைத் தூக்கிக் கேளுங்கள். தரைவீடு இருக்கிறது, தினமும் நிறைய ஓட்டுகிறீர்கள், வீட்டில் இரண்டாவது கார் தேவைப்படுகிறது என்றால், கடையில் இன்று நிற்கும் காரைப் போய் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால், கணக்கும் ஒத்துவந்தால் வாங்குங்கள். மாதாமாதம் மெக்கானிக்கிடம் சில நூறு வெள்ளியை அழுதுகொண்டு, வராத காருக்காகப் பழைய காரைத் தள்ளிக்கொண்டிருப்பவர்தான் இரண்டு பக்கமும் நட்டப்படுகிறார்.

இன்னொன்று. மின்சாரக் கார்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் கணக்கில் ஆக்சியாவோ சாகாவோதான் ஒத்துவருகிறது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதை ஓட்டுகிறார் என்பது அவருடைய மாதத் தவணை.

உங்கள் குடியிருப்பில் மின்னூட்டி வைக்க அனுமதி கேட்டு என்ன பதில் கிடைத்தது? எழுதி அனுப்புங்கள். நல்ல பதில் கிடைத்தவர்களின் வழிமுறையை மற்றவர்களுக்கும் பயன்படும்படி இதே பக்கத்தில் பகிர்ந்துகொள்வோம். அடுத்த ஞாயிறு சந்திப்போம். அதுவரை வண்டி எதுவானாலும், இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள்.